ஒன்பதாம் வளைவு

பெருங்கொம்பைக்கு ஏறும் மலைப்பாதையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதாக அடிவாரத்து மஞ்சள் பலகை சொல்லும், ஆனால் இருந்தவை பதினாறுதான், ஏனென்றால் முப்பது வருஷத்துக்கு முன்னால் வளைவுகளுக்கு எண் எழுத வந்த பெயிண்டர், எட்டாவது வளைவில் எட்டு என்று எழுதிவிட்டுக் கொஞ்ச தூரம் மேலே ஏறி, ஒரு பாறையின் நிழலில் உட்கார்ந்து தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்து, சாப்பிட்ட இடத்தையும் ஒரு வளைவாக எண்ணிக்கொண்டு, அடுத்த வளைவில் பத்து என்று எழுதிவிட்டு மேலே போனான். ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். கோப்பில் பதினேழு என்று இருக்கிறது, ஆகையால் குறை பாதையில்தான் என்று பதில் வந்தது. அதற்குமேல் யாரும் வற்புறுத்தவில்லை, ஏனென்றால் அதற்குள் இல்லாத அந்த வளைவு ஊருக்குப் பழகிவிட்டது, நடக்காத காரியங்களைப் போட்டு வைக்க ஓர் இடம் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. கல்யாணம் எப்போது என்று நச்சரிக்கிறவளிடம் ஒன்பதாம் வளைவில் வைத்துத் தாலி கட்டுகிறேன் என்றார்கள், பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பிகள் ஒன்பதாம் வளைவில்தான் இனி உன் முகத்தில் விழிப்பேன் என்று சொல்லிக்கொண்டு போனார்கள், கேட்கக் கூடாததைக் கேட்கிறவர்களிடம் இல்லை என்று முகத்தில் அடிக்கிற மாதிரிச் சொல்லாமல் ஒன்பதாம் வளைவுக்கு வா, தருகிறேன் என்று சிரித்தார்கள். கேட்டவரும் சிரித்தார். ஊரில் சண்டை குறைந்திருந்ததற்கு அந்த வளைவும் ஒரு காரணம்.

ஜெசிந்தா இந்த ஊருக்கு மருமகளாக வந்து இரண்டு வருஷம் ஆகிறது. தாயில்லாமல் சமவெளியில் ஒரு கான்வென்ட் விடுதியில் கன்னியாஸ்திரிகளிடம் வளர்ந்தவள், பெருங்கொம்பையில் அவள் கற்றுக்கொண்ட முதல் பேச்சே ஒன்பதாம் வளைவுப் பேச்சுதான். புதிதாக வந்தவர்களுக்கு ஊர்ப் பேச்சில் ஓர் ஆசை இருக்கும். உள்ளூர்க்காரர்கள் மாசத்துக்கு ஒருதரம் சொல்வதை அவள் நாளைக்கு நாலுதரம் சொன்னாள்.

அந்த வருஷம் ஐப்பசி முதல் வாரத்தில், மழை விட்டு, மலை முழுக்கப் பனிமூட்டம் இறங்கி, மிளகுக்கொடிகள் பகலெல்லாம் சொட்டிக்கொண்டிருந்த ஒரு விடியற்காலையில், அவள் புருஷன் இஞ்ஞாசி வழக்கம்போல அடிவாரத்து பேக்கரியிலிருந்து பன்னும் ரொட்டியும் இரண்டு பெட்டிகளில் கட்டி பைக்கில் ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் டீக்கடைகளில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். குரங்குக் குல்லாவைக் கழற்றினான், காற்று குத்தாமலிருக்க சட்டைக்குள் மடித்து வைத்திருந்த பழைய செய்தித்தாளை உருவி எடுத்தான், கைகளில் மாட்டியிருந்த பால் கவர்களைக் கழற்றிவிட்டு, மடங்காமல் விறைத்துப் போன விரல்களை அடுப்புக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சொன்னான்.

"ஒன்பது வந்திருக்கு."

"எந்த ஒன்பது?"

"எட்டுக்கும் பத்துக்கும் நடுவுல. நல்ல பெரிய வளைவு. ரெண்டாவது கியர் போட்டாத்தான் ஏறுது." அவன் பேச்சு குறைந்த மனுஷன். காப்பியை வாங்கிக் குடித்தான். "பத்து மணிக்கு வெயில் வந்தா பன்னு மேல இருக்கிற ஈரம் காஞ்சிரும்" என்றான்.

அன்று மதியத்துக்குள் ஊரில் பாதிப்பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். வளைவு எல்லா வளைவுகளையும் போலத்தான் இருந்தது, தாரில் பழைய வெடிப்புகள் இருந்தன, வெளிப்பக்கம் முழங்கால் உயரத்துக்குக் கைப்பிடிச் சுவர், அதில் பாசி, சுவரின் முனையில் ஒன்பது என்று மஞ்சள் பெயிண்டில் எழுதி அதுவும் உரிந்துபோயிருந்தது, ஆகவே அது நேற்று வந்ததாகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மூன்றாம் நாள் செவத்தியான் அங்கே நாலு கம்பு நட்டு, தார்ப்பாய் கட்டி, டீக்கடை போட்டான். நெடுஞ்சாலைத் துறையிலிருந்து ஓர் ஆள் வந்து கோப்பையும் வளைவையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, இப்போதாவது சரியாக வந்ததே என்று திருப்தியோடு டீ குடித்துவிட்டுப் போனார்.

சங்கடம் ஐந்தாம் நாள்தான் ஆரம்பித்தது. மலையிறங்கிய பஸ் ஒன்பதாம் வளைவில் நின்றுபோனது. டிரைவர் என்ன செய்தும் கிளம்பவில்லை, நாற்பத்திரண்டு பேர் இறங்கித் தள்ளினார்கள், இம்மி அசையவில்லை, கடைசியில் பின்சீட்டில் பலாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த கனகம் எழுந்து, கண்டக்டரைப் பார்த்து, "எனக்கென்னமோ உன்னாலதான்னு தோணுது" என்றாள். ஏழு வருஷமாக அவளை ஒன்பதாம் வளைவில் வைத்துக் கட்டிக்கொள்வதாகச் சொல்லிக்கொண்டிருந்த கண்டக்டர் தலையைச் சொறிந்தான். செவத்தியான் கடையில் சாம்பார்ப்பொடிக்கு வைத்திருந்த மஞ்சள் கிழங்கை நூலில் கோத்து, பயணிகளே சாட்சியாக நின்று, அங்கேயே தாலி ஏறியது. டிரைவர் சாவியைத் திருப்பியதும் பஸ் கிளம்பியது.

பிறகு ஊர் அந்த வளைவின் போக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டது. பேசாத அண்ணன் தம்பி இரண்டு பேர் அங்கே எதிரெதிரே நின்று ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்துவிட்டு, விழிப்பதாகத்தானே சொன்னோம், பேசுவதாகச் சொல்லவில்லையே என்று மறுபடியும் பேசாமலே போனார்கள், இரண்டு வண்டிகளும் கிளம்பின. செவ்வந்தி பாஸானால் ஒன்பதாம் வளைவில் டான்ஸ் ஆடுகிறேன் என்று நாலு வருஷத்துக்கு முன்னால் வகுப்பில் சொன்ன ஹெட்மாஸ்டரின் ஜீப் நின்றபோது, செவ்வந்தியை வரவழைத்தார்கள், அவள் வெட்கப்பட்டு, "எனக்கு வேண்டாம் சார், விட்டுட்டேன் சார்" என்று மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள், ஜீப் கேட்கவில்லை, கடைசியில் அவர் குடையை மடித்து வைத்துவிட்டுப் பனிமூட்டத்துக்குள் ஆடினார், பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் எல்லோரும் அவரவர் வாயை நினைத்துக் கலங்கிப் போயிருந்தார்கள். வாக்குச் சொன்ன ஆள் வளைவைத் தாண்டாமல் இருந்துகொண்டால் தப்பிக்கலாமே என்று செவத்தியான் கணக்குப் போட்டான். தன் மாமனுக்கு ஒன்பதாம் வளைவில் தருவதாகச் சொன்ன கன்றுக்குட்டியை வேறொருவன் லாரியில் ஏற்றிச் சந்தைக்கு அனுப்பினான். லாரி நின்றது. கன்றை இறக்கியதும் லாரி போயிற்று, கன்று போகவில்லை, பிடித்து இழுத்தாலும் வளைவுக்குள் நுழைந்து சுற்றி நுழைந்த இடத்துக்கே வந்து நின்றது. ஆக, சொன்னவர் மட்டுமல்ல, சொல்லப்பட்டதும் அந்த வளைவைக் கடக்காது என்பதும் தெரிந்தது. மாமன் வந்து கன்றை வாங்கிக்கொண்டார்.

இதைக் கேட்ட அன்றுதான் ஜெசிந்தா தான் சொல்லி வைத்ததை எண்ணிப் பார்த்தாள்.

அவளுக்கு ஐந்து மாசத்தில் ஒரு பெண்குழந்தை, அமலி. பிள்ளையைப் பெற்று வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதற்குத் தலை நின்றதோ இல்லையோ, தாய்க்குப் பயம் நிற்கவில்லை. தூக்கினால் நழுவிவிடுமோ, போர்த்தினால் மூச்சு முட்டுமோ, போர்த்தாவிட்டால் குளிர்ந்துவிடுமோ, உச்சிக்குழி துடிப்பது சரிதானா, துடிக்காமல் இருப்பது சரிதானா என்று அவள் படித்த பதினைந்து வருஷப் படிப்பில் ஒரு வரிகூட உதவிக்கு வரவில்லை. பக்கத்து வீட்டு ஒச்சம்மாதான் வந்தாள். நாற்பத்தைந்து வயது, புருஷன் போய்ப் பத்து வருஷம், பிள்ளை இல்லை, மிளகுக் களத்தில் கூலி வேலை, ஊரில் பாதிக் குழந்தைகளை முதல் ஆறு மாசம் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியவள் அவள். நீட்டிய இரண்டு கால்களுக்கு நடுவில் அமலியைக் குப்புறப் போட்டு, வெந்நீரை ஊற்றி, மூக்கை நீவி, கைகளைக் குறுக்கே இழுத்து விடும்போது பிள்ளை வீறிடாமல் கண் செருகும். ஜெசிந்தா வாசற்படியில் நின்று விரல் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்ப்பாள்.

"என்ன கான்வென்ட்டுப் புள்ள, உம்புள்ளயத் தொட உனக்கே பயமா? எங்கிட்டக் குடுத்துரு, நான் வளத்துக்கிறேன்" என்பாள் ஒச்சம்மா.

"ஒன்பதாம் வளைவுக்கு வாங்க அக்கா, அங்க வச்சுத் தர்றேன்" என்பாள் ஜெசிந்தா.

இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஐந்து மாசத்தில் அதை அவள் எத்தனை தரம் சொல்லியிருப்பாள் என்பது அவளுக்கே தெரியாது. அவளைக் கலங்கடித்தது வேறொன்று. சிரித்துக்கொண்டே சொன்ன ஒவ்வொரு தடவையும், இவளிடம் இருந்தால்தான் இந்தப் பிள்ளை பிழைக்குமோ என்று உள்ளே ஓர் ஓரத்தில் நினைத்திருந்தாள், அதை வளைவு எங்கிருந்தோ கேட்டிருக்குமோ என்பதுதான்.

கன்றுக்குட்டிச் செய்தி ஊருக்குள் வந்த மறுநாள் ஒச்சம்மா பிள்ளையைக் குளிப்பாட்ட வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அவள் வேலைக்குப் போகாமல் காலையில் நடந்து இறங்கி, ஒன்பதாம் வளைவுச் சுவரில் முக்காடு போட்டு உட்கார்ந்து, பொழுது சாய ஏறி வருவதாக இஞ்ஞாசி சொன்னான். ரொட்டி கொண்டு போகிறவன் தினமும் பார்த்தான். அவன் யாருக்கும் எதையும் எங்கும் வைத்துத் தருவதாகச் சொன்னதில்லை, ஆகவே வளைவு அவனை ஒருநாளும் நிறுத்தவில்லை.

"யாரோ அவளுக்கு என்னமோ தரணும் போல. வாங்காம எந்திரிக்க மாட்டா போலருக்கு" என்றான்.

ஜெசிந்தா மலையிறங்குவதை நிறுத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்துக் கோயில் பூசைக்குப் போகவில்லை, தலை வலிக்கிறது என்றாள். விடுதித் தோழியின் கல்யாணத்துக்குப் போகவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டத் தைரியம் இல்லாமல், வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்து மட்டும் விட்டாள், துடைக்கும்போது பிள்ளை வீறிட்டு அழும், அழுகை சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், பக்கத்து வீட்டில் ஆள் இல்லை என்பது நினைவு வரும், ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்பதும் நினைவு வரும். மூன்று வாரம் இப்படிப் போயிற்று. ஐப்பசி போய்க் கார்த்திகை பிறந்தது. குளிர் கதவிடுக்கில் நுழைந்து பானைத் தண்ணீரைத் தொட முடியாதபடி செய்தது.

கார்த்திகை ஆறாம் தேதி பிள்ளைக்குச் சளி பிடித்தது. எட்டாம் தேதி காய்ச்சல். ஒன்பதாம் தேதி மதியம் அது பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து சட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

"விலாவுக்குக் கீழ உள்ள இழுக்குது பாரு, ஒவ்வொரு மூச்சுக்கும். இதுக்கு இங்க ஒண்ணும் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரணும், இருட்டுறதுக்குள்ள."

"ஆம்புலன்ஸ்?" என்றான் இஞ்ஞாசி.

"கீழ இருந்து ஏறி வரவே ஒண்ணரை மணி நேரம். பைக்ல போனா அந்த நேரத்துக்கு நீ அங்க இருப்ப."

ஜெசிந்தா நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஒரு மருந்து குடுத்துப் பாருங்களேன் சிஸ்டர். நாளைக்குக் காலைல வரைக்கும் பார்ப்போம்."

நர்ஸ் அவளை வினோதமாகப் பார்த்தாள். "காலைல வரைக்குமா? படிச்ச புள்ளதான நீ?"

இஞ்ஞாசி ரொட்டிப் பெட்டிகளைக் கழற்றி வாசலில் எறிந்தான். மணி நாலரைகூட ஆகவில்லை, மூட்டத்தில் பொழுது சாய்ந்த மாதிரி இருந்தது. சோக்கை இழுத்து நாலு உதை உதைத்ததும் வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது. அவன் தன் செய்தித்தாள்களை ஜெசிந்தாவின் ஸ்வெட்டருக்குள் முன்னும் பின்னும் சொருகினான், பிள்ளையைப் பழைய வாயில் புடவையில் சுற்றி அவள் மார்போடு கட்டினான், அதற்குமேல் கம்பளியைப் போட்டு முடிந்தான், தன் பால் கவர்களை அவள் கையில் மாட்டிவிட்டான். அவள் கட்டப்படுவதற்கு உடம்பைக் கொடுத்துவிட்டு மரம் மாதிரி நின்றாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள், சொன்னால் போகாமல் இருக்க முடியுமா என்று யோசித்தாள், மூடிக்கொண்டாள்.

பதினேழு. பதினாறு. குளிர் முதலில் முழங்காலைப் பிடித்தது, பிறகு காது மடலை, பிறகு பல்லை. வளைவுக்கு வளைவு இஞ்ஞாசி ஹாரனை அமுக்கினான், சத்தம் மூட்டத்தில் பத்தடி போய்ச் செத்தது, எதிரே எதுவும் தெரியவில்லை, பாறைச் சுவரில் வழிந்த தண்ணீரும் அதன் மேல் விழுந்த முன்விளக்கின் மஞ்சளும் மட்டும் தெரிந்தன. பதினைந்து. பதினான்கு. அவள் கம்பளிக்குள் முகத்தை விட்டுப் பிள்ளையின் மூச்சை எண்ணினாள், ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவில் எத்தனை என்று எண்ணினாள், எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் எண்ணினாள். மாதாவே, அந்த வளைவு போயிருக்க வேண்டும், வந்தது போலவே போயிருக்க வேண்டும், எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் வெறும் பாதை இருக்க வேண்டும் என்று வேண்டினாள், பன்னிரண்டில் வேண்டினாள், பதினொன்றில் வேண்டினாள், பத்தில் வேண்டுவதற்குள் பத்து கடந்துவிட்டது. வண்டி சாய்ந்தது. கைப்பிடிச் சுவரின் பாசியும் உரிந்த மஞ்சள் பெயிண்டும் விளக்கொளிக்குள் வந்தன. இஞ்சின் நின்றது.

சக்கரம் தானாக இரண்டு முழம் உருண்டு ஓய்ந்தது. தார்ப்பாயிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. சுவர்மேல் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த ஒச்சம்மா எழுந்து நின்றாள்.

"எதுக்குடி இங்க வந்த?" என்றாள். குரலில் அதட்டல் இருந்தது, அதட்டலுக்கு அடியில் நடுக்கம் இருந்தது.

"ஆஸ்பத்திரிக்கு அக்கா. புள்ளைக்கு மூச்சு இழுக்குது."

இஞ்ஞாசி உதைத்தான், மறுபடி உதைத்தான், பிறகு காலை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் கிடையாது ஜெசி. உனக்கா?"

அவள் தலையாட்டினாள்.

"யாருக்கு?"

அவள் ஒச்சம்மாவைப் பார்த்தாள். "புள்ளையக் குடுக்கிறதாச் சொன்னேன்."

கடைக்குள்ளிருந்து செவத்தியான் எட்டிப் பார்த்து, "சும்மா விளையாட்டுக்குச் சொல்றதுதானப்பா அதெல்லாம்" என்றான்.

"நீ கன்னுக்குட்டிய நெசமாவா குடுக்கிறேன்னு சொன்ன?" என்றான் இஞ்ஞாசி. செவத்தியான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

ஒச்சம்மா பாறையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். ஓர் ஆளிடம் பேசுகிற மாதிரிச் சொன்னாள். "எனக்கு வேணாம். நான் கேக்கல. விட்டுரு."

இஞ்ஞாசி உதைத்தான். வண்டி கேட்கவில்லை.

"வேணாங்கிறேன்ல."

உதைத்தான். கேட்கவில்லை. ஒச்சம்மா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் மனசார வேணாங்கல போலருக்கு" என்றாள், தனக்குத்தானே. பிறகு ஜெசிந்தாவிடம் சொன்னாள். "வீட்ல இருந்தா புள்ள அழுகுறது கேக்குது. கேட்டா வந்துருவேன், வந்தா வாயால கேட்டுருவேன். ஊர்ல நீ எட்டிப் பாக்காத எடம் இது ஒண்ணுதான்னு இங்க வந்து உக்காந்தேன். இங்கயே கொண்டு வந்து நிறுத்திட்டியே தாயி."

கம்பளிக்குள் பிள்ளையின் மூச்சு ஒரு கணம் நின்று, விக்கலாக மறுபடி தொடங்கியது. ஜெசிந்தா முடிச்சை அவிழ்த்தாள். விரல்கள் விறைத்து முடிச்சு வரவில்லை, பால் கவர்களைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு அவிழ்த்தாள். பிள்ளையைப் புடவையோடு எடுத்து ஒச்சம்மாவின் கைகளில் வைத்தாள்.

"இந்தாங்க அக்கா."

இஞ்ஞாசி உதைத்தான். கிளம்பவில்லை.

"வச்சாச்சுல்ல?" என்றான், முதல்முறையாகக் குரல் உடைந்து. "கைல வச்சாச்சுல்ல, இன்னும் என்ன?"

ஜெசிந்தா கீழே பார்த்தாள். அவளுடைய இடது கைச் சுண்டுவிரல் புடவை மடிப்பில் மாட்டியிருந்தது. அவள் மாட்டவில்லை, அதுவாக மாட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒரு விரலை எடுப்பதற்கு அவளுக்கு ஆன நேரத்தில் செவத்தியான் கடையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்து தீய்ந்த வாடை வந்தது. எடுத்தாள். வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது.

ஒச்சம்மா ரவிக்கையின் மேல் கொக்கிகளைத் தளர்த்திப் பிள்ளையை வெறும் மார்போடு சேர்த்து, ஸ்வெட்டரை மூடி, இஞ்ஞாசிக்குப் பின்னால் ஏறினாள். கடைசியில் ஜெசிந்தா ஏறினாள். முன்னால் இருக்கிறவளின் இடுப்பைப் பிடிக்கலாமா, பிடிக்க இனி தனக்கு உரிமை உண்டா என்று தெரியாமல், பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கம்பி ஐஸாகச் சுட்டது.

ஒன்பதுக்கும் எட்டுக்கும் நடுவில் உள்ள தூரம் முக்கால் கிலோமீட்டர் இருக்கும், இஞ்ஞாசியின் வண்டிக்கு இரண்டு நிமிஷம், ஆனால் அந்த இரண்டு நிமிஷத்தில் ஜெசிந்தா பிள்ளையில்லாதவளாக இருந்தாள், கட்டு அவிழ்ந்த மார்பில் குளிர் நேராக வந்து உட்கார்ந்தது, செய்தித்தாள் படபடவென்று அடித்தது, பிள்ளை இனி அந்த வீட்டில் வளரும், சுவருக்கு அந்தப் பக்கம் அழும், இந்தப் பக்கம் நான் கேட்டுக்கொண்டிருப்பேன், என்னை அது என்னவென்று கூப்பிடும், கூப்பிட உயிரோடு இருக்குமா, இருந்தால் போதும், இருந்தால் போதுமா என்று ஒரு நினைப்பு இன்னொன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடியது, முன்னால் ஸ்வெட்டருக்குள் பிள்ளை பூனைக்குட்டி மாதிரி ஒருதரம் முனகியது, உடனே அவளுக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. வளைவில் நடந்தது பாலுக்குத் தெரியவில்லை.

எட்டாம் வளைவு வந்தது. அது ஒருத்தரையும் ஒன்றும் கேட்காத வளைவு, ஊரில் யாரும் எந்தக் காலத்திலும் எட்டாம் வளைவில் வைத்து எதையும் தருவதாகச் சொன்னதில்லை. இஞ்ஞாசி ஹாரனை அமுக்கிச் சாய்ந்தான்.

ஒச்சம்மா அவன் தோளைத் தட்டினாள். "நிறுத்து."

"நேரமில்லக்கா."

"நிறுத்துன்னா நிறுத்து தம்பி."

நிறுத்தினான். இஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. ஒச்சம்மா இறங்கவில்லை, திரும்பவில்லை, ஸ்வெட்டருக்குள் இரண்டு கைகளையும் விட்டபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஜெசிந்தா கேட்கவில்லை. கேட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. கேட்க வாய் எழவும் இல்லை, அவள் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் ஒச்சம்மாவின் முதுகைத்தான், மூச்சை இழுத்து இழுத்து விடும் அந்த அகலமான முதுகை.

"அங்க நீ குடுக்காட்டி வண்டி நகராது" என்றாள் ஒச்சம்மா, மூட்டத்தைப் பார்த்தபடி. "இங்க நான் குடுக்காட்டி எனக்கு ஒண்ணும் ஆகாது. வண்டி பாட்டுக்குப் போகும். ஊரும் ஒண்ணும் சொல்லாது, முறைப்படி வாங்கினதுதான்."

"ஆமாக்கா" என்றாள் ஜெசிந்தா.

"என்ன ஆமாக்கா? திட்டுடி என்னய."

ஜெசிந்தா திட்டவில்லை. அவளுக்குச் சொல்லத் தோன்றியது ஒன்றுதான். "உங்க சூட்டுல அவ முனகுனா அக்கா. எங்கிட்ட மதியத்துல இருந்து சத்தமே இல்ல. ஆஸ்பத்திரி வரைக்குமாவது நீங்களே வச்சிருங்க."

ஒச்சம்மா முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன, குளிரிலும் இருக்கலாம். வண்டியிலிருந்து இறங்கினாள். "முன்னுக்கு நகரு" என்றாள். ஜெசிந்தா நகர்ந்தாள். "ஸ்வெட்டரத் தூக்கு. பேப்பர எடுத்து எறி. புள்ளைக்குப் பேப்பரா கதகதப்பு குடுக்கும்? மார்ல போடு, தோலோட தோலா. சூடு என்ன எனக்கு மட்டுமா எழுதி வச்சிருக்கு?"

பிள்ளையை எடுத்தாள். நீட்டினாள். நீட்டிய கைகள் பாதியில் நின்றன.

"சீக்கிரம் வாங்கு. மனசு மாறிரும்."

ஜெசிந்தா வாங்கினாள். தலையை முழங்கை மடிப்பில் வைத்து, காலை மடக்கி, நெஞ்சோடு ஒட்டி, ஸ்வெட்டரை இறக்கினாள். ஒச்சம்மா பின்னால் ஏறி, தன் முக்காட்டுத் துணியை அவிழ்த்து, தாயையும் பிள்ளையையும் சேர்த்துச் சுற்றி, இஞ்ஞாசியின் வயிற்றில் கொண்டுபோய் முடிந்து, அவர்களைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"போப்பா. பள்ளம் பாத்துப் போ."

ஏழு. ஆறு. காற்று எதிரில்தான் வந்தது, ஆனால் முன்னால் ஒரு முதுகும் பின்னால் ஒரு மார்பும் இருந்தபடியால் நடுவில் அது நுழைய இடமில்லை.

"பயமா இருக்கா?" என்று காதருகில் கேட்டாள் ஒச்சம்மா.

"இருக்குக்கா."

"எனக்குந்தான். தலையத் தாங்கிப் புடி."

ஐந்தாம் வளைவில் மூட்டம் விலகியது. கீழே வெகு தூரத்தில் அடிவாரத்து விளக்குகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின, அவற்றில் எது ஆஸ்பத்திரி என்று தெரியவில்லை, எதுவாக இருந்தாலும் அது வரைக்கும் பிள்ளை மூச்சு விட்டது, அதற்கு அப்பாலும் விட்டது.